வகுப்பு முடிந்த பிறகு

ஜப்பானில் ஒரு சிற்றூரில் பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டி, "நன்றாகப் புரிந்தது, டீச்சர்" என்பார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் வளர்ந்தது அமெரிக்காவில், டெக்சஸின் சுகர் லேண்ட் ஊரில்; அந்த வீட்டில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் குறுக்கே பேசுவார்கள். அதனால் இந்த அடக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது.

போனில் அம்மாவிடம் புலம்பினேன்.

"கிளாஸ் ஸ்மூத்தா போனாலும் உனக்கு டவுட்டா? பேசாம டீச் பண்ணிட்டு வீட்டுக்குப் போடி" என்றாள்.

ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை போனவள், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். வகுப்பில் இன்னும் விளக்கு எரிந்தது. ஒருவரும் கிளம்பவில்லை. முன்வரிசையில் உட்காரும் மருந்துக்கடை அம்மாள், நான் நடத்திய அதே பாடத்தை முதலிலிருந்து ஜப்பானிய மொழியில் நடத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கையைத் தூக்கித் தூக்கிக் கேள்வி கேட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் மொத்த வகுப்பும் எழுந்து குனிந்து வணங்கியது. நானும் குனிந்தேன். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பைக் கால் மணி நேரம் முன்னதாகவே முடித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.