மரண அறிவித்தலை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமாம்

எங்கள் ஆட்களில் ஒஸ்லோவில் யார் செத்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் அப்படி இருந்தது. இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவளைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் பேனையை நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் தொடங்கினேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் என் கதையை எப்படிச் சொல்வதென்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

எங்கள் தமிழ் வானொலி பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் வரும். செய்தி முடிந்ததும் மரண அறிவித்தல். எங்கே பிறந்தவர், எங்கே வசித்தவர், யாருடைய மகள், யாருடைய மனைவி, யார் யாருக்குத் தாய், எந்த மண்டபத்தில் எத்தனை மணிக்குக் கிரியை என்று நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்கள். பிறகு இன்னொரு தரம் வாசிப்பார்கள். நான் எழுதி வைப்பதில்லை. கேட்டால் என் தலைக்குள் நிற்கும். வேலையால் பிந்தி வருகிறவர்கள் ஹொல்ம்லியாவில் இருக்கும் என் வீட்டுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். "அக்கா, இண்டைக்கு ஆர்?" என்பார்கள். நான் ஒன்றும் விடாமல் ஒப்புவிப்பேன். அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சாவுச் செய்தியை எனக்கு யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கே வந்து சொல்வது என்னைக் குறைத்து நினைப்பது போல.

கண் போகத் தொடங்கியபோதும் இதில் குறை வரவில்லை. என் கண்ணுக்கு நடுவில்தான் பழுது. ஒருவரைப் பார்த்தால் முகம் இருக்காது, ஓரத்தில் காது தெரியும். வானொலிப் பெட்டிக்குக் கண் எதற்கு? திருகியில் எங்கள் அலைவரிசை வருகிற இடத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டுக் காயவைத்திருந்தேன். விரல் அதில் முட்டினால் தமிழ் வரும்.

பிறகு ஒரு நாள் அந்த வானொலிக்காரர்கள், இனிமேல் நாங்கள் இணையத்தில் மட்டும்தான், உலகம் முழுவதும் கேட்கலாம் என்று சந்தோசமாக அறிவித்தார்கள். உலகம் முழுவதும் கேட்டது. ஹொல்ம்லியாவில் நான்காம் மாடியில் இருக்கிற எனக்குக் கேட்கவில்லை.

மகன் புதுப் போன் ஒன்று வாங்கி வந்தான்.

"இதிலை எப்ப வேணுமெண்டாலும் கேக்கலாம், அம்மா. நேரம் பாத்துக்கொண்டு குந்தியிருக்கத் தேவையில்லை."

நேரம் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தது எனக்கு ஒரு நாளும் பாரமாக இருக்கவில்லை. அந்த நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் நகர்ந்தது. இதை அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

கொம்யூனிலிருந்து, எங்கள் பகுதி நகரசபையிலிருந்து, ஒரு நோர்வேப் பெண் வந்து போனைப் பழக்கினாள். நல்ல பிள்ளை. ஒரு தரம் தட்டினால் விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று போன் வாயால் சொல்லும், இரண்டு தரம் தட்டினால் திறக்கும் என்றாள். சொல்வது நோர்வேஜியத்தில். அது எனக்குப் போதியளவு விளங்கும். ஆனால் எங்கள் வானொலிப் பக்கத்துக்குப் போனால் அது தட்டுகிற இடமெல்லாம் "க்னாப்" என்கிறது. பொத்தான் என்று அர்த்தம். பொத்தான், பொத்தான், படம், பொத்தான். எது எதற்கென்று அந்தப் பக்கத்தைச் செய்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் உள்ளே எழுதி வைக்கவில்லையாம். அவள் எனக்காக இடத்தை எண்ணிப் பழக்கினாள். நானும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவர்கள் பக்கத்தை மாற்றி வடிவாக்கினார்கள். நான் எண்ணி வைத்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் பாடியது.

மகன் போட்டுத் தருவான், இல்லையென்று சொல்லவில்லை. அவன் வீட்டில் நிற்கும்போது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் நான் போனை நீட்ட வேண்டும். என்னுடைய காதுக்கு ஒவ்வொரு நாளும் இன்னொருவருடைய விரலைக் கேட்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

என்னைக் கேட்கிறவர்களும் குறைந்து போனார்கள். அவர்கள் எல்லோரும் தங்கள் போனிலேயே பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. இந்த மாரிக் குளிரில் எங்கள் ஆட்கள் ஒருவரும் சாகவில்லை, நல்ல மாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. குளிரில் விரல் விறைத்தால் என் கத்தியையும் அவள்தான் தீட்டித் தருவாள். பிறகு நாங்கள் ஹொல்ம்லியாவுக்கு வர, அவர்கள் ரொம்மனுக்கு வந்தார்கள். நகரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அறிவித்தல் முடிந்த கையோடு நான் அவளுக்கு எடுப்பேன். தன்னிடமும் வானொலி இருந்தாலும் என் வாயால் கேட்பதுதான் அவளுக்கு விருப்பம்.

"எங்கடை ஆக்கள் ஆரும்?"

"இல்லை."

"அப்ப நாங்கள் இன்னும் இருக்கிறம்."

இதைச் சொல்லாமல் போனை வைக்கமாட்டாள். வானொலி நின்ற பிறகு எங்களுக்குப் பேசுகிற நேரம் என்று ஒன்று இல்லாமல் போனது. நினைத்த நேரம் எடுப்போம். பிறகு அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ரொம்மனிலேயே மகளுடைய வீட்டுக்குப் போனாள். எடுத்தால் சில நேரம் பதில் இருக்கும், சில நேரம் இல்லை. படுத்திருக்கிறாள், ஆளை எழுப்பக் கூடாது என்று விட்டுவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை நான் குசினியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். மருமகள் கறியைக் கிளறியபடி, சாதாரணமாகக் கேட்டாள்.

"மாமி, அந்தியேட்டிக்கு நானும் உங்களோடை வரட்டோ? வாறதெண்டால் என்ரை வக்த்தை ஆரோடையும் மாத்தவேணும்."

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். வக்த் என்கிற வேலை முறையை முன்கூட்டியே சொல்லி மாற்ற வேண்டும்.

"ஆற்றை அந்தியேட்டி?" என்றேன்.

அகப்பைச் சத்தம் நின்றது.

அந்தியேட்டி என்றால் செத்து ஒரு மாதமாகிறது. செத்தவீடு முடிந்து, எரித்தும் முடிந்து, முப்பத்தோராம் நாளும் வரப்போகிறது. அவள் அடுப்பை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள். முகம் எனக்குத் தெரியாது, மூச்சு கேட்டது.

"ரொம்மன் அன்ரியின்ரை, மாமி. உங்களுக்குத் தெரியாமல் இஞ்சை ஆற்றை செத்தவீடு நடந்தது? நீங்கள் வாயே திறக்கேல்லை. போகவும் இல்லை. தாங்கேலாமல் இருக்கிறியள், கிண்டக் கூடாதெண்டு நானும் பேசாமல் விட்டிட்டன்."

செத்தவீடு நடந்த அன்று எனக்காக வீட்டில் மீன் சமைக்கவில்லையாம். மரக்கறிதான் வைத்தாளாம். நானும் இருந்து சாப்பிட்டேன், புடலங்காய்க்கு உப்புப் போதாது என்றும் சொன்னேன். அவள் அழுதாள். அவளில் பிழை இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். எழுது.

பின்னேரம் மகன் வந்ததும் அந்த அறிவித்தலைத் தேடிப் போட்டான். வாசித்த பிள்ளைக்கு நல்ல குரல். பிறந்த இடம், ரொம்மன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். பார்வைக்கு வைக்கிற மண்டபம், கிழமை, மணி. எல்லாம் சரியாக இருந்தது, எல்லாம் முடிந்தும் இருந்தது. மகன் இன்னொரு தரம் போடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

"இது இஞ்சையே கிடக்கும், அம்மா," என்றான்.

கிடக்கட்டும்.

அந்தியேட்டிக்குப் போனேன். மருமகள் கைபிடித்து ரொம்மனுக்குக் கூட்டிப் போனாள். சிநேகிதியின் மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என்னைக் குறைசொல்லப் போகிறாள் என்று நிமிர்ந்துதான் நின்றேன். அவள் குறை சொல்லவில்லை.

"உங்களை வாசல்லை பாத்துக்கொண்டு நிண்டனான், அன்ரி. பெட்டியை மூட முதல் கொஞ்சம் பொறுக்கச் சொன்னனான்."

என் கையை விடாமல் மேலும் சொன்னாள்.

"அம்மா முதலே சொல்லி வைச்சவா. 'அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போடாதை, அவளுக்குப் பிடிக்காது. ரேடியோவிலை குடு, அவள் கேட்டிட்டு வருவாள்' எண்டு."

என் குணம் தெரிந்தவள். என் மரியாதைக்கு ஒரு குறை வரக்கூடாதென்று சாகிற நேரத்திலும் நினைத்தவள். அந்த வானொலி எனக்கு வருவதில்லை என்று அவளிடம் ஒரு தரம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏன் சொல்ல வேண்டும்? நான் எங்கேயும் போகவில்லை. அதே கதிரையில், அதே நேரத்தில், அதே காதோடு இருந்தேன். எழும்பிப் போனது அவர்கள். போகும்போது, கண் தெரியாதவர்கள் யாரும் எங்களைக் கேட்கிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ரேடியோ இப்ப எனக்கு வாறேல்லைப் பிள்ளை," என்றேன்.

"நெட்டிலை கிடக்குதே, அன்ரி. எப்ப வேணுமெண்டாலும் கேக்கலாம்."

"கேட்டனான். வடிவாத்தான் வாசிச்சிருக்கினம்."

வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டு முன்னால் இருக்கச் சொன்னேன். நான் செத்தால் இணையத்தில் கொடுக்காதே, கொடுத்தாலும் அதோடு விட்டுவிடாதே, ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். இந்த ஊரில் என்னைப் போலக் கண் மங்கினவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வெட்கத்தில் சொல்லமாட்டார்கள்.

"எல்லாருக்குமோ அம்மா?"

"எல்லாருக்கும். நம்பர் எல்லாம் எனக்குப் பாடம். சொல்லுறன், எழுது."

அவன் போனை எடுத்தான். நான் வாயைத் திறந்தேன். பழக்கத்தில் முதலில் வந்தது என் சிநேகிதியின் ரொம்மன் வீட்டு நம்பர். பாதி சொல்லிவிட்டேன். அவன் அதைப் பதிந்தும் விட்டான்.