நீளமானதா, கட்டையானதா

அன்று அந்தத் துவக்குக் கடையில் நின்றவர்கள் மூன்று பேர்: தங்கச்சியின் புருஷனான மச்சான், நான், நரைத்த மீசைக் கடைக்காரர். நாங்கள் விட்டுவந்த ஊரில் சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். மச்சானுக்கு மான் வேட்டை ஆசை. இந்த நாட்டுச் சந்தையில் மரக்கறி விற்றுப் பழகிய என் பிரெஞ்சை நம்பி என்னைக் கூட்டிவந்திருந்தார். "பிள்ளையள் இருக்கிற வீடு அண்ணை, எப்பிடியாவது மறிச்சுப்போடுங்கோ" என்று தங்கச்சி அழுதிருந்தாள்.

துவக்கை யார் தொட்டாலும் கடைக்காரர் அதை உடனே துணியால் துடைத்துவிடுவார். "அடர்ந்த காடு என்றால் இருபது அங்குலக் குழல், வெளி என்றால் இருபத்திநாலு" என்றார். நீளமானது பாரம் கூட; தூக்கி அலுத்தால் மச்சான் வேட்டையை விட்டுவிடுவார் என்று நான் அதைக் காட்டினேன்.

உள்ளே குண்டில்லை என்று காட்டக் கடைக்காரர் அதன் பூட்டை, குண்டை உள்ளே தள்ளும் அந்த இரும்புத் தண்டை, இழுத்தார். அந்தச் சத்தத்தில் என் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்துவிட்டன.

"கையை இறக்கும் மச்சான், இது செக் பொயின்ற் இல்லை!" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. பூட்டை முழுதாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இது இல்லாவிட்டால் அது வெறும் குழாய்" என்றார்.

மச்சான் கட்டையானதையே வாங்கினார். நான் பூட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் அதை மட்டும் துடைக்காமல் வாங்கிவைத்தார். வாங்க வந்தவரை விட்டு என் கையில் ஏன் தந்தார்? பியர்பொன்ட்ஸில் தங்கச்சி தன் வீட்டு வாசலில் நிற்பது தெரியும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மச்சான் வாங்கிய துவக்கின் பூட்டும் கழறும்தானே என்று அவளைக் கண்டதும் பட்டது.