சரிபாதிக் கிணறு

பத்திரத்தில் இருந்த தமிழ் எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒரு வரியை மட்டும் எழுத்தரை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். வடபுறச் சுவரின் மத்தியில் உள்ள பொதுக்கிணற்றில் சரிபாதியும், அதில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியமும் எனக்கு உண்டு என்ற வரி. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "போதுமுங்களா, இன்னொருக்கா படிக்கோணுமா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். இருபது வருடத்துக்கு மேல் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் இருந்தேன். முதலில் துளைபோடும் இரும்பு ராடு தூக்கினேன், அப்புறம் துளையை இயக்கும் டிரில்லர் ஆனேன். வருடத்தில் பத்து மாதம் வெளிமாநிலத்தில்தான் இருப்போம். வண்டிக்கு அடியிலேயே சமையல், படுக்கை எல்லாம். கம்ப்ரசர் சத்தத்தில் காது மந்தமாகி, முட்டியும் தேய்ந்த பிறகு வேலையை விட்டேன். மகனுக்குச் சேலத்தில் வேலை கிடைத்ததால் அங்கேயே வீடு தேடினோம். புரோக்கர் முதலில் ஃபேர்லேண்ட்ஸில் அடுக்குமாடி வீடுகளைக் காட்டினார். அந்த வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் பழைய தெருக்களில் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்.

ரயில் வந்த காலத்தில் கட்டிய வீடுகள் அவை. சுண்ணாம்புச் சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமனாக இருக்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர். கொல்லைப்புறத்தில் அந்தச் சுவர் ஒரு வளைவாக எழும்பி, கிணற்றின் மேலேயே நடந்துபோகும். இந்தப் பக்கம் ஓர் உருளை, அந்தப் பக்கம் ஓர் உருளை. எட்டிப் பார்த்தால் தண்ணீர் ஒன்றுதான்.

"பழைய ஊடுங்க. இடிச்சுப்போட்டு மாடி கட்டிக்கலாம்" என்றார் புரோக்கர். நான் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன், சொந்தமாக ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்ததில்லை.

குடிவந்த மறுநாள் காலை வாளியை இறக்கும்போது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"புது ஊட்டுக்காரருங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். கிணறு அவர் குரலைப் பெரிதாக்கி என் மந்தக் காதுக்குத் தந்தது. முகம் தெரியாததால் எனக்குப் பேசவும் சுலபமாக இருந்தது. அதன் பிறகு தினமும் ஆறு மணிக்கு இரண்டு பேரும் இறைப்போம், பேசுவோம். என் வாழ்க்கையில் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை.

"தம்பி, உங்களுக்கு முந்தி இருந்தவரு அவரு வாளிய உட்டுப்போட்டு, என் வாளி எறங்கறதுக்குள்ள என் பாதியயும் சேத்து எறச்சுக்குவாரு. நீங்க எப்படி?"

"நான் என் பாதிய மட்டுந்தான் எடுப்பனுங்ணா."

அவர் சிரித்த சிரிப்பு தண்ணீரில் பட்டு மேலே வரும்.

மனைவிக்குத்தான் கயிறு இழுப்பது பிடிக்கவில்லை. "ஏனுங்க, ஊரெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்த மனுசன் ஊட்டுல நான் கயிறு இழுக்கறேன். கேட்டா சிரிப்பாங்க" என்பாள். இது என் பழைய முதலாளி காதுக்கு எப்படியோ போய்விட்டது. வீடு பார்க்க வந்தவர், "கிரகப்பிரவேசத்துக்கு நான் ஒண்ணும் செய்யல. ஒரு போர் போட்டுக் குடுத்தர்றேன். சின்ன வண்டி வருது, நாளைக்கே" என்றார். முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர்கள் அந்த வாரம் வாழப்பாடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். போன் நம்பர் இருந்தது. பேசக் கூச்சமாக இருந்தது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொல்லையில் வண்டி நிற்க ஒரே இடம்தான் இருந்தது, கிணற்றிலிருந்து பத்தடிக்குள். எத்தனையோ தோட்டக்காரர்களிடம், "கெணத்த ஒட்டிப் போடாதீங்க, இருக்கற தண்ணியும் போயிரும்" என்று சொன்ன வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

ஐம்பது அடி தாண்டியதும் வெள்ளைப் புகையாக வந்த கல்பொடி ஈரமானது. அறுபதைத் தொடும்போது தண்ணீர் பீறிட்டது. வண்டிப் பையன்கள் கத்தினார்கள். நான் மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

கிணற்றுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று மேலே வந்தது. போர் வண்டியில் இருப்பவர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். குழிக்குள் கம்ப்ரசர் அடிக்கும் காற்று கிணற்றில் வருகிறதென்றால், இரண்டுக்கும் ஊற்று ஒன்று. மேலே வருவது புதுத் தண்ணீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர்.

உடனே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். குழியின் சுவரை மூடும் கேசிங் பைப்பை இன்னும் கீழே இறக்கி அந்த ஊற்றை அடைத்திருக்கலாம். எனக்கு முறை தெரியும். நான் செய்தது வேறு. தூசி விழாமல் இருக்கட்டும் என்று பையன்களுக்குக் கேட்கும்படி சொல்லி, ஒரு தார்ப்பாயை எடுத்துக் கிணற்றின் வாயில் போட்டு மூடினேன். முந்நூறு அடி வரை ஓட்டினார்கள். அறுபதுக்குக் கீழே வெறும் வெள்ளைப் பொடி. ஒரு சொட்டு இல்லை.

நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீட்டார் வந்தார்கள். காலையில் கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, தண்ணி ஏன் கலங்கலா இருக்குது? போர் போட்டீங்களாமே?"

"ஆமாங்ணா. தூசி விழுந்திருக்குமுங்க."

"கெணத்துக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆகாதுங்ணா. போர் தண்ணி வேற, கெணத்துத் தண்ணி வேற."

நான் சொன்னால் அவர் நம்பினார். அந்த வேலையிலேயே இருந்தவன் அல்லவா. மோட்டார் போட்ட பிறகு நான் ஆறு மணிக்குக் கிணற்றடிக்குப் போவதில்லை. அவர் உருளை மட்டும் சுற்றும் சத்தம் கேட்கும். நான் உள்ளே உட்கார்ந்து டீ குடிப்பேன்.

மாசி பிறந்ததும் கிணறு இறங்கியது. பங்குனியில் அவர் வாளி தரையில் இடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. தெருக்குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவர் மனைவி குடத்தோடு அடுத்த தெருவுக்கு நடந்தார். "இங்க வந்து புடிச்சுக்கங்கக்கா" என்று என் மனைவி கூப்பிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அந்த அக்கா, "மகராசியா இரு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அவர் தூர் வார ஆள் பிடித்தார். என்னைக் கூப்பிட்டு, "நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி, எந்தப் பக்கம் நோண்டுனா ஊத்து கெடைக்கும்?" என்று கேட்டார். நான் கீழே பார்த்துக் கிழக்குப் பக்கம் என்று கையைக் காட்டினேன். என் குழிக்கு எதிர்ப்பக்கம் அது. மூன்று நாள் மண் எடுத்தார்கள். ஆள் போதாமல் அவரும் கயிறு பிடித்தார். அந்த வயதில் அவர் உள்ளங்கை உரிந்து சிவந்துபோனது. தண்ணீர் வரவில்லை. "மழ பேஞ்சாத்தான் போல" என்றார். என்னைச் சந்தேகப்பட்டு ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியாவது ஆறியிருப்பேன்.

மறுநாள் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மோட்டார் கெட்டுவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். "போர்க்காரன் ஊட்டு மோட்டாரே கெட்டுப்போச்சா?" என்று திட்டிக்கொண்டே அவள் தெருக்குழாய்க்கு வரிசையில் நின்றாள். பத்தாம் நாள் காலை நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம்.

"தம்பி! ஓடியாங்க! ஊத்து உட்டிருச்சு!"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. கிணற்றில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை கிணற்றுக்குப் பொங்கல் வைத்தார்கள். அவர் வீட்டுக்குள் நான் முதல்முறையாகப் போனேன். கைப்பிடிச் சுவருக்கு மஞ்சள் பூசி, பூச் சுற்றியிருந்தார்கள். அவர் கற்பூரத் தட்டை என்னிடம் நீட்டினார்.

"கெழக்கால ஊத்து இருக்குதுன்னு கை காட்டுனவரு நீங்க. நீங்களே காட்டுங்க தம்பி."

தட்டை வாங்கியபோது அவர் உள்ளங்கையில் தோல் இன்னும் சரியாக மூடாமல் இருந்ததைப் பார்த்தேன்.

"அண்ணா, நான் மோட்டார நிறுத்தீட்டனுங்க. அதான் தண்ணி ஏறுச்சு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குமிழி, தார்ப்பாய், கிழக்குப் பக்கம். முகத்தைப் பார்த்துப் பேசப் பழகாதவன், கிணற்றைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

அவர் மனைவி எழுந்து உள்ளே போனார்.

"அன்னைக்கே தெரியுமா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"தெரியுமுங்ணா."

"மூணு நாள் மண்ணு தூக்குனப்பவும் தெரியும்."

"ஆமாங்ணா."

அவர் தலையை ஆட்டினார். "பொங்கல் ஆறுது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

மறுநாளே ஆள் வைத்து மோட்டாரை மேலே எடுத்தேன். பைப்பின் வாயை மூடி வெல்டிங் வைத்தேன். மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அப்புறம், "பழைய கயிறு இத்துப்போச்சு, புதுசு வாங்கியாங்க" என்றாள்.

வாங்கிவந்து ஆறு மணிக்குக் கிணற்றடிக்குப் போனேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. அவர் ஏழு மணிக்கு இறைப்பது பிறகுதான் தெரிந்தது. நான் ஏழு மணிக்கு மாறினேன். அவர் ஆறு மணிக்கே மாறிவிட்டார். இன்னும் அப்படித்தான். இப்போது நான் மாற்றுவதில்லை. ஏழு மணிக்கு எட்டிப் பார்க்கும்போது, சற்றுமுன் அவர் இழுத்த கடைசி வாளியால் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை நின்றுவிட்டு என் வாளியை இறக்குகிறேன்.