கட்டிக்குப் போகிற ரத்தம்

என் மனைவியின் ஈரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது, அது புற்று என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். வெற்றிலைகூடப் போடாதவளுக்கு ஏன் இது வர வேண்டும் என்று, ஏதோ அவர்தான் கொண்டுவந்து வைத்துவிட்டது போல, சண்டைக் குரலில் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் செருகினார்.

மாதம் இரண்டு தடவை வெளியூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்து பார்க்கிற டாக்டர் அவர். படம், கை நரம்பில் மருந்து ஏற்றி எடுத்தது. மருந்து ரத்தத்தோடு சேர்ந்து எங்கெங்கே ஓடுகிறது என்று நொடிக்கு நொடி பிடிப்பார்களாம். ஈரல் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. கட்டி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பந்தியில் இலை போடும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டவனைப் போல, ஏற்றிய மருந்தை முதல் ஆளாக வாங்கிக்கொண்டது அதுதான்.

"இது வளர்றதுக்குன்னு தானே புதுசா ரத்தக் குழாய் போட்டுக்குதுங்க. நான் குடுக்கற மாத்திரை அந்தக் குழாய்ங்களச் சுருக்கும். ரெண்டு மாசம் கழிச்சு இதே ஸ்கேன எடுத்துப் பாப்போம். கட்டிக்குள்ள ரத்த ஓட்டம் கொறஞ்சிருந்தா மாத்திரை கேக்குதுன்னு அர்த்தம்" என்றார். கட்டி இருந்த இடத்துக்கு ஆபரேஷன் சரிப்படாது, மாத்திரை ஒன்றுதான் வழி என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எனக்கு இருக்கிற பெரிய வியாதி, பாதி கேட்டவுடனே முழுதும் தெரிந்துவிட்டதாக நினைப்பது. பி.யு.சி. படித்துவிட்டுக் கரும்பு போட வந்தவன் நான். அந்தப் படிப்பு எனக்குக் கரும்பில் உதவியதில்லை, தலைக்கனத்துக்கு மட்டும் உரமாக இருந்தது. கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே தெரிந்த கல்வராயன் மலையைப் பார்த்தபடியே யோசித்துக்கொண்டு வந்தேன். மலையில் மழை இல்லையென்றால் கோமுகி அணையில் தண்ணீர் இல்லை. அணையில் இல்லையென்றால் எங்கள் வாய்க்காலில் இல்லை. கட்டி உயிர் வாழ்வது ரத்தத்தால் என்றால், உடம்பில் ரத்தமே கம்மியாக இருந்தால் அது எப்படி வளரும்? மாத்திரை ஒரு பக்கம் குழாயைச் சுருக்கட்டும், நான் மறுபக்கம் தலைமடையையே அடைத்துவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் ரத்தம் ஊற எதையெல்லாம் சாப்பிட வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வது. பிள்ளை பெற்றவளுக்குக் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வருவார்கள். அந்தப் பட்டியலை நான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். அதில் இருந்த எதுவும் அவள் தட்டுக்கு வரக் கூடாது என்றேன். அதோடு விட்டேனா? முட்டையை நிறுத்தினேன், மீனை நிறுத்தினேன், பயறும் கேழ்வரகும்கூடச் சந்தேகத்துக்கு ஆளாயின. கடைசியில் ரசம் சோறும் மோர் சோறும் மிஞ்சின.

சங்கராபுரத்தில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை ஒரு நாள் தூக்குப்பாத்திரத்தில் சுவரொட்டி வறுவலோடு வந்தாள். நான் வாசலிலேயே மறித்தேன்.

"இன்னா மாமா இது, ஒடம்புக்கு முடியாதவளுக்கு ரத்தம் ஊற வேணாமா?"

"ஊறக் கூடாதுன்னுதாம்மா நான் பாத்துக்கினு இருக்கறேன். எடுத்துக்கினு போ."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், எனக்குத்தான் வைத்தியம் தேவை என்று எழுதியிருந்தது. என் மனைவி உள்ளே இருந்தபடி, "மாமா சொல்றாரு இல்ல, வுடு" என்றாள். தங்கை முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் மனைவி எதற்கும் மறுத்துப் பேசவில்லை. மாத்திரையின் வேகத்தில் அவளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிந்தன. ஈரத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவளைச் சமைக்க விடாமல் நானே ரசம் வைத்தேன். மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து, தட்டில் என்ன விழுகிறது என்று காவல் காத்தேன். ஒரு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதற்கு அடுத்த வாரம் எழுந்ததும் கண்ணை இருட்டுகிறது என்றாள். மடையை அடைத்தது வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன். வெளியே வந்து, "மருந்து ஏறுனதும் ஒடம்பு பூரா சுடுதண்ணி ஓடுனா மாதிரி இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல. கைத்தாங்கலாக அவளை டாக்டர் அறைக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் முதலில் எடுத்தது ரத்தப் பரிசோதனைச் சீட்டை. படித்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ ரத்தம் கொறஞ்சிருக்குது? எடையும் எறங்கிப் போச்சு. சாப்பிடறதே இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "வாய்க்குப் புடிக்கலங்க. நான்தான் துன்றதில்ல."

சாப்பாட்டை நிறுத்தியது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"ஒடம்பு பட்டினி கெடந்தாலும் கட்டி பட்டினி கெடக்காதும்மா. அதுக்கு வேண்டியத அது மொதல்ல இழுத்துக்கும். தேயறது நீங்கதான்" என்றார் டாக்டர். கோரை மண்டிய கழனிக்குத் தண்ணீரை நிறுத்தினால் முதலில் காய்வது பயிர்தான், கோரை மண்ணுக்குள் கிழங்கைப் பதுக்கி வைத்திருக்கும். இத்தனை வருஷம் மண்ணில் கிடந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பஸ்ஸில்தான் அது ஞாபகம் வரவில்லை.

பிறகு பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் செருகினார். என் கண் அளவைத்தான் தேடியது. எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகவே இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அளவப் பாக்காதீங்க, உள்ள பாருங்க" என்று பேனாவால் காட்டினார். பழைய படத்தில் வெள்ளை வெளேரென்று இருந்த கட்டி, இதில் ஓரத்தில் மெல்லிய வளையம் தவிர உள்ளே முழுதும் இருண்டு கிடந்தது. மருந்து கலந்த ரத்தம் அங்கே போகவே இல்லை. "குழாய்ங்க அடங்கிப் போச்சு. மாத்திரை நல்லா கேக்குது. ஆனா இந்த ரத்தத்த வெச்சுக்கினு நான் மாத்திரையத் தொடர முடியாது. மூணு வாரம் நிறுத்தி வெக்கறேன். ரத்தம் ஏறலன்னா வேற வழி யோசிக்கணும்."

வேறு வழி இல்லை என்று முதல் நாளே சொன்னவர் அவர். கேட்கிற மருந்தைக் கெடுத்தது நான்.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்ததை விவரிக்கத் தேவையில்லை. மச்சினியிடம் போய்த் தலை குனிந்து நின்றேன், அவள் தினமும் பஸ் ஏறி வந்து அக்காவுக்கு ஊட்டினாள். இரும்புச் சத்து ஊசியும் போட்டார்கள். மறுபடி ரத்தம் பார்த்தபோது டாக்டர் சிரித்தார், மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி எழுதினார்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன்.

"டாக்டர் கேட்டப்ப ஏன் என்னக் காட்டிக் குடுக்கல? அத வுடு. கண்ணு இருட்டுனப்பகூட எனக்குக் கீரை வேணும், முட்ட வேணும்னு ஒரு வார்த்த சொல்லலயே, ஏன்?"

அவள் உரிந்த உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கண்ணாலம் ஆயி இத்தினி வருசத்துல, நான் இன்னா துன்றேன்னு நீங்க உக்காந்து பாத்தது அந்த ரெண்டு மாசந்தாங்க. வேணான்னு சொல்ல எனக்கு மனசு வர்ல."