கோகந்து லோலாவின் குரல்

எங்கள் மர்கிலான் ஊரில், ஃபோனில் கருத்தைப் பேசிப் பதிந்து தொலைக்காட்சிக்குக் குரல் அனுப்பாத பெண் கிடையாது. நானும் இரண்டு வருடமாக அனுப்புகிறேன். ஒன்றாவது வந்ததா? வாழ்க்கையில் முதல் முறையாக அனுப்பிய ஹோசியத்தின் குரல் மட்டும் ஒரு வெட்டு இல்லாமல் முழுசாக வந்தது. அந்த வயிற்றெரிச்சலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கராமத் உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுகிறாள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

ஹோசியத் என் பக்கத்து வீட்டுத் துர்சுனாயின் மூத்த மருமகள். குவா ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். தாய் இல்லாத பெண், சித்தி வளர்ப்பு. வந்த புதிதில் அவளுக்கு ஒரு வேலையும் வராது. ரொட்டியைத் தந்தூரில் ஒட்டினால் பாதி சாம்பலில் விழும். துர்சுனாயின் வாய் சும்மா இருக்குமா? சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்காத வசவு இல்லை. ஆனால் அதே துர்சுனாய்தான், ஒரு பிள்ளை பிறந்த கையோடு, "நீ போய் நர்சு படிப்பு படி. தொட்டிலை நான் ஆட்டிக்கிறேன்"னு அவளை அனுப்பி வைத்தாள். தெருவே சிரித்தது. மருமகள் புத்தகத்தோடு பஸ் ஏற, மாமியார் வீட்டில் தொட்டில் ஆட்டுவதா! நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, அப்போது என் மாமியார் எனக்குக் கடைத்தெருவுக்குப் போகவே அனுமதி கொடுப்பதில்லை.

இப்போது எங்கள் மகல்லாக் குடியிருப்பில் அவள் ஊசி போடாத இடுப்பு இல்லை. கொஞ்சம் கரகரத்த குரல். "மூச்சை விடுங்க"ன்னு சொல்வாள், நாம் விடுவதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். துர்சுனாய்க்குச் சர்க்கரை. தினமும் காலையில் ஊசி, பிறகு கால் பிடிப்பது, பிறகு முடி பின்னுவது. மகள் செய்வாளா என்றால் என் மகள் செய்ய மாட்டாள்.

போன இலையுதிர்காலத்தில் துர்சுனாயின் கடைசி மகன் இக்பாலுக்குக் கல்யாணம் ஆனது. சனோபர் என்று ஒரு பெண், பளிங்கு மாதிரி. கடைசி மகனுக்குப் பெண் வந்துவிட்டால் மூத்தவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெற்றோர் வீடு கடைசி மகனுக்கு, பெற்றோரும் அவனுக்கு. எங்களில் இதற்கு யாரும் பஞ்சாயத்து கூட்டுவதில்லை. அண்ணன் தம்பி சேர்ந்து கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஹோசியத்தின் புருஷனுக்கு ஒரு வீடு கட்டினார்கள். வசந்தப் பண்டிகை நவ்ரூஸ் முடிந்ததும் குடிபோவதாகப் பேச்சு. ஹோசியத் வாயே திறக்கவில்லை. ஆனால் காலையில் சனோபர் முக்காடு போட்டுக் குனிந்து மாமியாருக்கு சலாம் சொல்லும்போது, துர்சுனாய் அவள் நெற்றியில் முத்தம் கொடுப்பாள் இல்லையா, அப்போது ஹோசியத்தின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எரியும்! பெருக்குகிற விளக்குமாறு அப்படியே நின்றுவிடும்.

அந்த நேரத்தில்தான் 'ஒரே அடுப்பு' தொடரில் அந்தக் கிண்ணக் காட்சி வந்தது. மூத்த மருமகள் ஸமீரா, புதிதாக வந்த இளையவளுக்குத் தேநீர் கொடுக்கிறாள். மதிக்கிற ஆளுக்குக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகத்தானே ஊற்றுவோம், மறுபடி மறுபடி ஊற்றி உபசரிக்கலாம் என்று. இவள் என்ன செய்தாள் தெரியுமா? விளிம்பு வரைக்கும் நிரப்பி நீட்டினாள்! குடித்துவிட்டுக் கிளம்பு என்று முகத்தில் அடித்த மாதிரி. அந்தப் பெண்ணோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. நாடே கொதித்தது. அன்றைக்கே நான் தொலைக்காட்சிக்கு மூன்று குரல் அனுப்பினேன், ஒன்றைவிட ஒன்று காரமாக.

வெள்ளிக்கிழமை மதியம் பார்வையாளர் கருத்து போடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பெண்கள் மாதாமாதம் கூடும் விருந்து துர்சுனாய் வீட்டு முறை. கீரை சம்சாவும் கோதுமை முளையில் கிண்டிய சுமலக்கும் விரிப்பு நிறைய. சனோபர் தட்டு தட்டாகக் கொண்டுவர, ஹோசியத் வாசலோரம் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சி சுவரோரம் ஓடிக்கொண்டிருந்தது. வாய் எங்கே சும்மா இருக்கும்?

"அந்த ஸமீரா கையை ஒடிக்கணும்"னேன் நான்.

"கையை ஒடிச்சா போதுமா? அப்பன் வீட்டுக்கே அனுப்பணும்" என்றாள் எதிர்வீட்டு ஐதின். சம்சா வாயிலிருந்து உதிர்ந்தது.

"எதுக்குடி அவளுக்கு அவ்வளவு பொறாமை? வீடு கட்டிக் குடுத்திருக்காங்க, சாமான் குடுத்திருக்காங்க. தின்ன சோறு செரிக்கல அவளுக்கு!"

நான் இதைச் சொல்லும்போது ஹோசியத்தைத்தான் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன். அவள் தேநீர்ப் பானையின் மூடியைச் சரிசெய்தாள்.

அப்போது தொகுப்பாளினி, "அடுத்து கோகந்திலிருந்து லோலா" என்றாள். குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் ஸமீராவைத் திட்டுறீங்க. கொஞ்சம் மூச்சை விடுங்க, நான் சொல்றதைக் கேளுங்க."

மூச்சை விடுங்க என்றதும் ஐதினின் கை தானாகத் தன் இடுப்புக்குப் போனது. என்னுடையதும்தான். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினோம்.

"அவ வேணும்னு நிரப்பல. அந்த நேரம் மாமியார் புதுப்பொண்ணோட முக்காட்டைச் சரிபண்ணிக்கிட்டு இருந்தாங்க. நீங்க யாரும் அதைப் பாக்கல. அவ பாத்தா. பாத்துக்கிட்டே ஊத்தினா, கை நிக்கல. வீட்டை எடுத்துக்கட்டும். திராட்சைப் பந்தலை எடுத்துக்கட்டும். தந்தூர் கூட வேணாம். ஆனா எனக்குப் பெத்தவ இல்லீங்க. வந்த வீட்டுல ஒரு அம்மா கிடைச்சா. அவளையும் செவுரு, கதவோட சேத்துச் சின்னவகிட்ட ஒப்படைச்சிட்டுப் போன்னா எப்படிப் போறது? அவங்களுக்குத் தலை பின்னத் தெரியுமா அந்தப் பொண்ணுக்கு? இடது பக்கம் வலிக்கும், மெதுவா இழுக்கணும். பொறாமைதான். ஆமா, எனக்குப் பொறாமைதான். போட்டா போடுங்க, போடாட்டி போங்க."

ஸமீராவில் ஆரம்பித்தவள் எந்த இடத்தில் தன் கதைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தொகுப்பாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டு லோலாவுக்கு நன்றி சொன்னாள். என் மூன்று குரலுக்கு ஒரு நன்றி இல்லை!

துர்சுனாய் தொலைக்காட்சியை அணைத்தாள்.

"கோகந்தா?" என்றாள். "கோகந்து லோலாவுக்கு என் இடது பக்கம் வலிக்கிறது எப்படித் தெரிஞ்சுது?"

ஹோசியத் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தாள். நாங்கள் சம்சாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது டமார் என்று ஒரு சத்தம். சனோபர் தட்டைக் கீழே போட்டிருந்தாள். புது மருமகள் விருந்தாளிகள் முன்னால் குரல் உயர்த்துவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உங்களுக்குப் பொறாமையாக்கா? உங்களுக்கா? நான் நூடுல்ஸுக்கு மாவு அறுத்தா, 'ஹோசியத் இன்னும் மெல்லிசா அறுப்பா'. கால் பிடிச்சா, 'ஹோசியத் கை சூடா இருக்கும்'. தலை பின்னுறேன்னு சீப்பை எடுத்தா, 'வேணாம்மா, அவ வரட்டும்'. நெத்தியில முத்தம் குடுக்குறாங்க, ஆமா, குடுக்குறாங்க. விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி! என்னை ஒரு தடவை கூடத் திட்டினதில்லை அவங்க. உங்களை எப்படித் திட்டுறாங்க! நீங்க எப்போ இந்த வீட்டை விட்டுப் போவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கேன் நான்!"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ஹோசியத் அவளைத் தேற்றினாளா? நன்றாகத் தேற்றினாள் போங்கள். அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு சந்தோஷத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்ன இளிக்கிற?" என்று துர்சுனாய் அவள்மேல் பாய்ந்தாள். "வீட்டு விஷயத்தை நாட்டுக்கே சொல்லியாச்சு. வெக்கம் கெட்டவளே! என்னைக் கேட்டியா ஒரு வார்த்தை?"

"கேட்டா, வழக்கம்னு சொல்லியிருப்பீங்க அம்மாஜான்."

"வழக்கம்தான். கடைசி மகன் வீட்டுலதான் நான் இருக்கணும். நீ போகத்தான் வேணும். ஞாயித்துக்கிழமை வண்டி வருதுல்ல? ஏத்திட்டுக் கிளம்பு."

ஹோசியத்தின் முகம் செத்துவிட்டது. தேநீர்ப் பானையைக் கீழே வைத்துவிட்டு, "சரிங்கம்மா" என்றாள். 

துர்சுனாய் ஒரு சம்சாவை எடுத்துப் பிட்டாள். சாவகாசமாக மென்றாள். பிறகு, "என் மெத்தையையும் அதே வண்டியில ஏத்து" என்றாள்.

"அம்மா?"

"இக்பால் கேட்டா, அம்மா ஊசி போட்டுக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. நர்சு இருக்குற இடத்துக்குத்தானே நோயாளி போகணும்? இதுக்கு எந்த வழக்கம் குறுக்க நிக்கும்? கராமத், நீ சொல்லு."

நான் தலையாட்டினேன்.

"எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டது சனோபர். அழுகையை நிறுத்திவிட்டு, திகிலடித்துப் போய் நின்றாள். மூத்தவள் போனால் மாமியார் தனக்கு என்று நினைத்திருந்தவள் பாவம், இப்படி மாமியாரே வண்டி ஏறுவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"நர்சு எத்தனை நாள்னு சொல்றாளோ அத்தனை நாள். நீயும் பகல்ல வந்து போ. மெல்லிசா மாவு அறுக்கக் கத்துக்க. இப்போ எதுக்குடி தட்டைப் போட்டே? யார் பொறுக்குறது அதை? கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

பிறகு, முதல் முறையாகத் திட்டு வாங்கிய அந்தப் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்து சம்சாவைப் பொறுக்கினாள். ஹோசியத்தும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை. துர்சுனாயும் நானும் ஒரே வருடத்தில் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். அவளைவிட நான் அழகி, கேட்டுப் பாருங்கள். அவள் வாய்க்கு என் வாய் எவ்வளவோ தேவலை. என் மருமகளை நான் ஒரு நாள் அப்படித் திட்டியது கிடையாது. அந்தச் சர்க்கரைக்காரிக்கு, அந்தக் காலை இழுத்து நடப்பவளுக்கு, இரண்டு பெண்கள் தட்டை உடைத்துச் சண்டை போடுகிறார்கள். என்ன இருக்கிறது அவளிடம்? சொல்லுங்கள், என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்தேன். என் கடைசி மகனின் மனைவி நோசிமா பலகணி ஓரம் சாய்ந்து ஃபோனில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ஏதோ விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஏம்மா நோசிமா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். நான் பெரியவன் வீட்டோட போய் இருந்துடறேன்னு வெச்சுக்கோ. அப்போ நீ என்ன செய்வே?"

நோசிமா தொடரை நிறுத்தினாள். அந்தப் பெண் எனக்காகத் தொடரை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. எழுந்து நேராக உட்கார்ந்து, முகம் மலர என்னைப் பார்த்தாள்.

"எப்போம்மா போறீங்க?"