கச்சான் காற்றை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்

மாதாவை நம்பி இங்கன கூடியிருக்கிற என் சனங்களே, எனக்கு அடக்கமா ஜெபம் பண்ணத் தெரியாது. சண்டை போட்டுத்தான் கேப்பேன். அப்படிக் கேட்ட ஒரு ஜெபத்தைச் சொல்லத்தான் எந்திரிச்சு நிக்கிறேன்.

எண்பதுகளோட ஆரம்பம். என் வீட்டுக்காரர் செலஸ்டின் தூத்துக்குடியில தோணிக்காரர். சரக்கு ஏத்தும்போது கால் வழுக்கித் தோணிக்குள்ள விழுந்துட்டார். இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு. படுத்த படுக்கை. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. நான் பத்திர ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுற ஒரு அண்ணாச்சிகிட்ட உக்காந்து வீடு, மனைப் பத்திரம் எழுதிக் குடுத்துக்கிட்டிருந்தேன். அதுலதான் அடுப்பு எரிஞ்சுது.

அதுக்கும் வந்துது வினை. இனிமே லைசென்ஸ் உள்ளவங்கதான் பத்திரம் எழுதணும்னு சர்க்கார் சொல்லிட்டாங்க. அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கிட்டே சொன்னார்: "ஏளா ஜெசிந்தா, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிட்டு வா. இல்லாட்டி வேற சோலியைப் பாரு. என்னைக் குத்தம் சொல்லாத."

அன்னைக்கிலிருந்து எனக்கு ஒரு எடத்துல இருப்பு கொள்ளல. கிரயம், அடமானம், தானம், வில்லங்கம்னு முணுமுணுத்துக்கிட்டே சோறு வடிப்பேன். அவருக்கு முதுகு துடைக்கும்போதும் வாய் ஓயாது. ராத்திரி உறக்கம் வராது. தேறாட்டி பிள்ளைங்க கதி என்னன்னு நெஞ்சு அடிச்சுக்கும்.

அவரு பாவம், படுத்த எடத்துல காத்தைக் கேட்டுக்கிட்டே கிடப்பார். "ஏளா, கச்சான் தூக்குது. இன்னைக்குத் தோணி எதுவும் போகாது"ம்பார். நாங்க கடற்கரை ஆளுங்கல்லா? எங்களுக்குக் காத்துதான் திசை. வடக்குன்னா வாடை, தெற்குன்னா சோழகம், கிழக்குன்னா கொண்டல், மேற்குன்னா கச்சான். நான் பத்திரத்துல எல்லை எழுதும்போதும் அப்படியே எழுதிப் போடுவேன். "கச்சானுக்கு யாரு பட்டா குடுத்தா?"ன்னு அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே திருத்தச் சொல்வார்.

ஆடி மாசம் பாளையங்கோட்டையில பரீட்சை. பெரிய பிள்ளைகிட்ட அவரை விட்டுட்டு முதல் பஸ்ஸைப் பிடிச்சேன். எனக்குன்னு போட்ட எடம் மேற்கு சன்னல் ஓரம். சன்னலுக்குக் கதவே இல்ல. கச்சான் அடிச்சுக் கண்ணு, வாயெல்லாம் மண்ணு. தாள் படபடன்னு அடிக்குது. ஜெபமாலையை முந்தியில முடிஞ்சு வச்சிருந்தேன். அதைப் பிடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள கத்தினேன்: "தாயே, இந்தக் காத்தை மட்டும் நிறுத்து. வேற எதுவும் கேக்கல. எழுத விடு!"

நிக்கல. இன்னும் பேயாட்டம் ஆடிச்சு. முழங்கையால தாளை அமுக்கிக்கிட்டு எழுதினேன். ஒரு வீட்டு மனைக்குக் கிரயப் பத்திரம் எழுதச் சொல்லியிருந்தாங்க. எழுதி முடிச்சதும் இருக்க முடியல. அவரு தண்ணி கேட்டாரோ, பிள்ளை பயந்துச்சோன்னு ஒரே தவிப்பு. திரும்பிக்கூடப் படிக்காம, தாளைக் குடுத்துட்டு ஓடிரலாம்னு எந்திரிச்சேன்.

எந்திரிச்சதுதான் தாமதம், ஒரே வீச்சு. கையில இருந்த தாளெல்லாம் ஹால் பூராப் பறந்துது.

அழுகை வந்துட்டு. "இதுக்கா ஒன்கிட்ட கேட்டேன்? நல்லா இருக்கு நீ பண்ணுதது!"ன்னு மாதாவைத் திட்டிக்கிட்டே பெஞ்சுக்கடியில தவழ்ந்து பொறுக்கினேன். மேற்பார்வைக்கு நின்ன சார் வந்து, "அவசரப்படாதீங்கம்மா. உக்காந்து வரிசையா அடுக்கிக் குடுங்க, நேரம் இருக்கு"ன்னார்.

வரிசை பாக்கதுக்காக ஒவ்வொரு தாளா வாசிச்சேன். நாலு எல்லை எழுதின தாள் கையில வந்துது. ஐயோ! வாடைக்கு அடுத்தவர் மனை, கச்சானுக்குத் தெருன்னு எழுதி வச்சிருக்கேன். மனையோட எல்லையே புரியாத பத்திரத்தை எவன் ஏத்துக்குவான்? அங்கன திருத்தச் சொல்ல அண்ணாச்சியும் இல்ல. அப்படியே குடுத்திருந்தா என் பொழப்பு அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

நாலையும் அடிச்சுட்டு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குன்னு எழுதினேன். எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியா இருந்துது. காத்து மட்டும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துது. அப்பதான் எனக்கு உறைச்சுது. நிறுத்துன்னு நான் சண்டை போட்ட காத்தை அனுப்பித்தான் அவ என் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கா. முந்தியால முகத்தை மூடிக்கிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். விழுந்த நாள்லேர்ந்து சிரிக்காத மனுசன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "கச்சானை இனிமே வையாதளா"ன்னார்.

தேறினேன். லைசென்ஸ் வந்துது. அண்ணாச்சி தன் பெஞ்சுலயே பாதி எடம் விட்டார். அந்த எழுத்துதான் ரெண்டு பிள்ளைங்களையும் படிக்க வச்சுது. அவரும் கம்பு ஊனி இந்தக் கோயில் வரைக்கும் நடந்து வாரார். அந்தா, தூண் பக்கத்துல உக்காந்திருக்கார் பாருங்க.

சனங்களே, நீங்களும் கேளுங்க. சண்டை போட்டே கேளுங்க, அவ கோவிக்க மாட்டா. இப்பவும் ஆடியில ஆபீஸ் வாசல்ல காயிதம் பறக்கும். எல்லாரும் காத்தைத் திட்டிக்கிட்டே ஓடுவாங்க. நானும் ஓடத்தான் செய்வேன். ஆனா பொறுக்கின தாளை ஒரு தடவை வாசிச்சுட்டுத்தான் அடுக்குவேன்.