இரண்டு பக்கப் பொந்தை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் சித்தூர் வீட்டில் யாருடைய துணிக்கும் பாதுகாப்பு கிடையாது. கொடியில் போட்ட வேட்டி மறுநாளும் வேட்டியாகவே இருக்கும் என்று நம்புகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டதும் பெண்கள் ஊசியை எடுப்பார்கள். பழம்புடவை, கிழிந்த துண்டு, காலர் போன சட்டை எல்லாவற்றையும் அடுக்கி, நெருக்கி நெருக்கி ஓட்டுத்தையல் போட்டுத் தைக்கும் கனத்த விரிப்புக்கு எங்கள் பக்கம் பொந்தை என்று பெயர். தெலுங்கிலிருந்து வந்த சொல். எங்கள் வீட்டில் பாதிச் சொற்கள் அப்படி வந்து தங்கிவிட்டவைதான். அவற்றைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

நான் சொல்லவரும் காலத்தில் ஆந்திர ராஜ்ஜியம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூர் ஆந்திராவில் இருந்தது. பிச்சாட்டூரைத் தாண்டியிருந்த என் மாமியார் கிராமம் சென்னை ராஜ்ஜியத்தில் இருந்தது. எது எந்தப் பக்கம் போகும் என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து, இன்னும் நிரந்தரம் ஆகாமல், நிரந்தரம் ஆனவன்போல நடந்துகொண்டிருந்தேன். என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வீட்டு மனிதர்கள் கட்டிக் கட்டி நைந்த துணியில்தான் போட வேண்டும். பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. ஆனால் ஆஸ்பத்திரி சித்தூரில் இருந்ததால், தாய்வீடு ஒரு மூட்டை வேர்க்கடலையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

மாமியார் வந்த அன்று சாயங்காலமே எல்லைத் தகராறு ஆரம்பமாயிற்று. பொந்தையின் உள்ளே எந்தத் துணி வேண்டுமானாலும் போகலாம், அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. குழந்தையின் உடம்பில் படும் மேல்துணி யாருடையது என்பதுதான் கேள்வி. என் அம்மா, காலமான என் நைனாவின் வேட்டி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் தன் கல்யாணத்துக்கு மறுவருஷம் எடுத்த நூல்புடவையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"எங்க வூட்டு வேட்டிதான் மேல வரணும் சம்மந்தி. பொறக்கப் போறது எங்க வாரிசு" என்றாள் அம்மா.

"வாரிசு உங்களுதாவே இருக்கட்டும். நோவு யாருக்கு? எம் பொண்ணுக்குத்தானே? அப்ப எம் பொடவதான் மேல."

"மெட்ராஸ்காரங்களுக்கு வாய் ஜாஸ்திதான்."

"ஏன், ஆந்திராகாரங்க இன்னா வாயில கொழுக்கட்டயா வெச்சிக்கினு கீறாங்க?"

இருவரும் ஒரே தமிழில் சண்டை போட்டார்கள். கோபம் மிஞ்சியபோது ஒரே தெலுங்குக்குத் தாவினார்கள். இவர்களுக்கு நடுவில் கோடு கிழிக்க எந்த அதிகாரியாலும் முடியாது என்று எனக்குத் தோன்றியது.

தீர்ப்பு சொன்னவள் என் மனைவி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே கற்ற பூத்தையலை அவள் விடவில்லை. மரவளையத்தில் துணியை இறுக்கி, பொந்தையின் மூலையில் வைப்பதற்காக ஒரு கிளியைத் தைத்துக்கொண்டிருந்தாள். அது கோழி என்று நான் நினைத்து, வாய்விட்டுச் சொல்லியும் விட்டிருந்ததால் அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவள் தலை தூக்காமலே சொன்னாள்.

"பொந்தைக்கு ரெண்டு பக்கம் கீதே. ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் பொடவ. இந்தப் பக்கம் நனைஞ்சா அந்தப் பக்கம் திருப்பிப் போட வேண்டியதுதான்."

இதைத்தான் நானும் சொல்வதாக இருந்தேன். யாரும் நம்பவில்லை.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். எனக்குக் கடவுள் கொடுத்த ஒரே திறமை கையெழுத்து. தமிழும் தெலுங்கும் முத்து முத்தாக வரும், பெரிய எழுத்தில் இன்னும் நன்றாக வரும். எல்லை விஷயத்தைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு பெரிய மனிதர் சித்தூர் வழியாகப் போகிறார் என்று செய்தி வந்தது. நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஊரில் தமிழ்க்கட்சிக்கு முன்னால் நிற்பவர். காடாத்துணி ஒன்றைக் கொண்டுவந்து, "வாத்தியாரே, சித்தூர் தமிழருக்கேன்னு கொட்ட எழுத்துல எழுதிக் குடு" என்றார். எங்கள் தலைமையாசிரியர் தெலுங்குக்கட்சிக்கு முன்னால் நிற்பவர். அவரும் அதே கடையில் வாங்கிய அதே காடாத்துணியைக் கொடுத்து, "மாஸ்டாரு, சித்தூரு ஆந்திருலதே அப்படின்னு பெத்தக்ஷராலுல ராசி குடுங்க" என்றார். அதாவது, சித்தூர் ஆந்திரருக்கே என்று பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டும்.

மறுத்திருக்கலாமே என்று படிப்பவர்கள் கேட்பார்கள். சித்தூர் யாருடையதோ எனக்குத் தெரியாது. வீடு அவருடையது. வேலை இவர் கையில். பிள்ளையோ வந்துகொண்டிருக்கிறது.

தமிழைச் சிவப்பிலும் தெலுங்கை நீலத்திலும் எழுதினேன். சாயப்பொடியில் கோந்து காய்ச்சிக் கலந்தால்தான் எழுத்து துணியைப் பிடித்துக்கொள்ளும். அடுப்பைச் சுற்றி எந்நேரமும் இரண்டு சம்பந்திகள் இருந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. தண்ணீரில் கரைத்தே எழுதிவிட்டேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் இரண்டையும் சுருட்டி, டிரங்குப் பெட்டியின் அடியில், ஒருவருக்கும் தெரியாமல் வைத்தேன். ஐப்பசி மாதத்தில், எங்கள் வீட்டில், துணியை ஒளித்துவைத்தேன்.

பெரிய மனிதர் வருவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கூடத்தில் பொந்தை தைத்து முடிந்து விரிந்து கிடந்தது. ஒரு மூலையில் கிளி. பக்கத்தில் டிரங்குப் பெட்டி, வாயைத் திறந்துகொண்டு.

"அம்மா, இதுல சுருட்டி வெச்சிருந்த துணி எங்கே?"

"எது, காடாத்துணியா? நல்ல கெட்டித் துணிடா அது. சொல்லாம கொள்ளாம பதுக்கி வெச்சிக்கினு இருந்தியே! வெட்டி உள்ள வெச்சிட்டோம்."

"அதுல எழுதியிருந்துதே!"

"எழுத்து இன்னா முள்ளா, கொழந்தையக் குத்தறதுக்கு?"

மாமியார் மருமகனுக்கு முழு விவரமும் கொடுக்கவேண்டியது கடமை என்று நினைத்தார். "பாத்துதான் வெச்சோம் மாப்ளே. எழுத்தும் எழுத்தும் மூஞ்சியோட மூஞ்சி இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமேன்னு எழுத்துப் பக்கத்த வெளிய பாக்க வெச்சோம். நீலம் சம்மந்தியம்மா வேட்டிக்கு அடியில, செவப்பு எம் பொடவைக்கு அடியில. பாகம் சரியாத்தான் பிரிச்சிக்கினோம்."

பிரித்துத் தரச் சொன்னேன். அதுவரை எதிரெதிராக இருந்த இரண்டு ராஜ்ஜியங்களும் அந்த நிமிஷமே ஒன்றுசேர்ந்தன. பிள்ளைக்கென்று தைத்து முடித்த பொந்தையைப் பிள்ளை அதில் படுப்பதற்கு முன்னால் பிரிக்கக் கூடாதாம். பிரித்தால் பிரசவம் சிக்கலாகுமாம். ஒன்பது மாத வயிற்றோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் மனைவியை வைத்துக்கொண்டு இதற்கு எந்தப் பகுத்தறிவாளன் பதில் சொல்வான்? நான் தையல் பிரிக்க எடுத்த பிளேடைத் திரும்ப முகம் மழிக்கும் டப்பாவில் போட்டேன்.

மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியது.

"ரெண்டும் நீங்களேதான் எழுதனீங்களா?"

"ஆமாம்."

"ஒருத்தருக்கு எழுதனது இன்னொருத்தருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாம தெருவுல. வேலையும் போயிடும்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசவ வலி என்று நினைத்து மாமியார் ஓடிவந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். எழுத்து இன்னும் காயவில்லை என்றேன். அவர் போன பிறகு தலைமையாசிரியர் குடையோடு வந்தார். எழுத்து இன்னும் காயவில்லை என்றேன். வெளியே அடித்த மழையில் எதுவுமே காய்ந்திருக்க முடியாது என்பதால் இருவரும் நம்பினார்கள். பொந்தையின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் இரண்டு தடவையும் சொன்னேன். விடிந்ததும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

விடிந்தும் மழை விடவில்லை. பெரிய மனிதரின் கார் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, நிற்காமல், இரண்டு கட்சிகளின் மேலும் சமமாகச் சேற்றை இறைத்துவிட்டுப் போயிற்று. இரண்டு கட்சிகளும் ஒரே டீக்கடைக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். பேனரைக் கேட்டு யாரும் வரவில்லை. "பத்திரமா வெச்சிரு, அடுத்த தபா வேணும்" என்று மட்டும் வீட்டுக்காரர் சொன்னார். பத்திரமாகத்தான் இருந்தது. அவ்வளவு நெருக்கமான தையல் அது.

குழந்தை பிறந்தது. பெண். தொட்டில் போடும் நாளில் வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. தலைமையாசிரியரையும் கூப்பிடாமல் இருக்க முடியாது. அன்று பாகாலாவில் அவருக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் இருந்தது. ரயிலுக்குப் போய்விடுவார், இருவரும் சந்திக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். ரயிலை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

கூடத்தில் பொந்தையை விரித்துக் குழந்தையைக் கிடத்தியிருந்தார்கள். முதல் உரிமை அம்மாவுடையது என்பதால் வேட்டிப் பக்கம் மேலே இருந்தது. இரண்டு பெரியவர்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் மகள் தன் கடமையைச் செய்தாள். தாராளமாகச் செய்தாள்.

நைனாவின் வேட்டியில் முதலில் நீலமாக ஒரு புள்ளி எழும்பிற்று. பிறகு ஒரு சுழி. எழுத்துகளின் உச்சியில் நான் அவ்வளவு அழகாகப் போட்ட தலைக்கட்டுகளோடு தெலுங்கில் 'சித்தூரு' மெல்ல மேலே வந்தது.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஏமி மாஸ்டாரு, இது நம்ம பேனர் காதா?"

"நம்ம பேனரா?" என்று வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, இவுங்களுக்கு நீயா எழுதிக் குடுத்தே?"

நான் வாயைத் திறப்பதற்குள், இந்த நிமிஷத்துக்காகவே காத்திருந்த மாமியார் எழுந்தார். "நனைஞ்சிபோச்சில்ல? இனிமே எம் பக்கம்" என்று குழந்தையைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிட்டு, வெற்றியோடு பொந்தையைப் புரட்டிப் போட்டார்.

ஈரம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. புடவையின் மேல், சிவப்பில், தமிழில், 'சித்தூர்'.

வீடு போயிற்று, வேலை போயிற்று என்று நான் மனசுக்குள் சாமான் கட்ட ஆரம்பித்தேன். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. டிரங்குப் பெட்டியும் பொந்தையும்தான்.

வீட்டுக்காரர் குனிந்து, எழுத்தை விரலால் தொட்டார். விரல் சிவந்தது. அதைத் தூக்கிக் காட்டினார்.

"கோந்து போடலியா?"

"போடலாம்னுதான் இருந்தேன்."

"கோந்து வெய்யலேதா?" என்று தலைமையாசிரியர் எட்டி அந்தப் பக்க நீலத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரலும் நீலமாயிற்று. "அன்னிக்கு மழையிலே இத பட்டுக்கொனி நின்னிருந்தா?"

"இன்னா ஆயிருக்கும்? நீங்கள்லாம் ஊதாவா நின்னுக்கினு இருப்பீங்க."

"மீரு மட்டும்? எர்ரகா, ரத்தம் மாதிரி கொட்டியிருக்கும். அடிதடின்னு போலீஸ் வந்திருக்கும்."

முதலில் வீட்டுக்காரர் சிரித்தார். தலைமையாசிரியர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். பிறகு அடக்கவில்லை. நான் யாருக்கு எழுதினேன் என்கிற கேள்வியே அதற்குப் பிறகு எழவில்லை. எவ்வளவு மோசமாக எழுதினேன் என்பதைத்தான் இருவரும் பாயசம் முடிகிறவரை பேசினார்கள். பாகாலாவில் வண்டிகளுக்குப் பெயர் எழுதுகிற ஒரு பெயிண்டர் இருப்பதாகவும், எந்த மழைக்கும் அவன் எழுத்து அசையாதென்றும் தலைமையாசிரியர் சொன்னார். வீட்டுக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அவன் தமிழும் எழுதுவானா?"

"பாகா, நல்லாவே எழுதுவான்."

அதன் பிறகு இரண்டு கட்சி பேனர்களையும் அவன்தான் எழுதினான். வீட்டில் நாங்கள் தொடர்ந்து குடியிருந்தோம். வேலையும் நிரந்தரமாயிற்று. ஆனால் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் தவிர வேறெதிலும் எழுத என்னை யாரும் விடவில்லை.

சாயம் வெளுப்பில் போகவில்லை. மனைவி அந்த மழைக்காலம் முழுவதும் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நீலத்தின்மேல் நீல நூலாலும் சிவப்பின்மேல் சிவப்பு நூலாலும் சங்கிலித்தையல் போட்டுக் கொடியும் இலையுமாக மூடினாள். விஷயம் தெரியாதவர்கள் நல்ல கற்பனை என்பார்கள். அந்தக் கிளியை மட்டும் இன்றுவரை எல்லாரும் கோழி என்கிறார்கள்.

பிறகு எல்லை முடிவாகி, மாமியாரின் கிராமம் ஆந்திராவுக்கு வந்தது. செய்தி வந்த வாரமே அவர் வேர்க்கடலை மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். என் மகள் அப்போது ஓடி விளையாடுகிற வயது. பொந்தை மத்தியானத் தூக்கத்துக்குக் கூடத்தில் விரித்திருந்தது.

"வாங்க சம்மந்தி. இனிமே நீங்களும் நம்ம ஆளுதான்" என்றாள் அம்மா, வாசலிலேயே.

"ஆமா ஆமா" என்று சொல்லிக்கொண்டே மாமியார் நேராகக் கூடத்துக்குப் போய், கால்கூடக் கழுவாமல், பொந்தையைப் புடவைப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.